டார்ச்சுக்கு எத்தனை லுமென் போதும்?

டார்ச் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது அதிகபட்ச லுமென். தினசரி உபயோகத்துக்குப் பார்க்க வேண்டியது அதற்கு நேர்மாறான எண்: அந்த டார்ச் எவ்வளவு குறைவாக எரியும்?

லுமென் என்பது மொத்த வெளிச்சம். "இத்தனை மீட்டர்" என்று போட்டிருப்பது, எஃப்எல்1 தரநிலைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரம். அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். "இத்தனை மணி நேரம்" என்பதும் ஆரம்ப வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரைக்கும்தான். இரண்டுமே பொய்யில்லை, ஆனா தாராளமான கணக்கு.

நாமே கணக்குப் போடலாம். 3000 எம்ஏஎச் லித்தியம் செல்லில் சுமார் 11 வாட்-அவர் இருக்கும். வாட்டுக்கு 100 லுமென் என்று வைத்தால், 1000 லுமென் ஒரு மணி நேரம்தான் தாங்கும்; 100 லுமென் 11 மணி நேரம்; 10 லுமென் 110 மணி நேரம். ஆனா 1000 லுமென் நம்ம கண்ணுக்குப் பத்து மடங்கு பிரகாசமா தெரியாது, சூடுதான் ஏறும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது புதுச்சேரியில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் உதவுவது கூரையைப் பார்த்து வைத்த 10, 20 லுமென்தான். உழவர்கரையில் மழைத் தண்ணி தேங்கின தெருவில் பள்ளம் பார்த்து நடக்க 100 போதும். எப்போதாவது தூரமா பார்க்க 300.

இந்த மூன்று படியும் இல்லாமல், முழு வெளிச்சமும் மினுக்கலும் மட்டும் உள்ள டார்ச் எத்தனை லுமென் சொன்னாலும் வீட்டுக்கு உதவாது.