கார்டுக்கு ஒரு தாழ்ப்பாள்: நன்றாகப் பூட்டுகிறது, தானாகப் பூட்டுவதில்லை

வங்கி ஆப்பில் நாம் அதிகம் கண்டுகொள்ளாத வசதி, கார்டை நிறுத்தி வைக்கும் சுவிட்ச்தான். பணம் அனுப்பவும் பேலன்ஸ் பார்க்கவும் கரண்ட் பில் கட்டவும் தினமும் திறக்கிற அதே ஆப்பில்தான் இதுவும் இருக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்குமாக அலைகிற வேலை எனக்கு. மஞ்சக்குப்பத்தில் ஒரு நாள், கீழவீதியில் ஒரு நாள், அவசரத்துக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த ஏடிஎம்மில் பணம் இருக்கிறதோ அதில் ஒரு நாள். பெரும்பாலும் காவலாளி இல்லாத அறைகள். அதனால் சில மாதங்களாக டெபிட் கார்டை மூடியே வைத்திருந்து, பணம் எடுக்கும்போது மட்டும் திறக்கிறேன்.

இந்த வசதி வங்கிகள் தாமாக மனமிரங்கிக் கொடுத்ததல்ல. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் போட்ட உத்தரவு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. உள்நாடு, வெளிநாடு, ஏடிஎம், கடை மிஷின், ஆன்லைன், தட்டிச் செலுத்துவது என ஒவ்வொன்றையும் வாடிக்கையாளரே திறந்து மூடலாம், உச்சவரம்பும் வைக்கலாம். புதிய கார்டு கைக்கு வரும்போது உள்நாட்டு ஏடிஎம்மும் கடை மிஷினும் மட்டுமே திறந்திருக்கும். ஆனால் கார்டை நகலெடுக்கும் ஸ்கிம்மிங் திருடன் வேலை பார்ப்பதும் அந்த இரண்டு இடங்களில்தானே!

கடலூர்க்காரர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற புதுச்சேரியில், 2018ல் போலி ஏடிஎம் கார்டு கும்பலை சிபிசிஐடி பிடித்தது. இந்தத் திருட்டு நடக்கும் விதம் எளியது. கார்டு செருகும் வாயின் மேல் அதே நிறத்தில் இன்னொரு வாயைப் பொருத்துவார்கள். அது கார்டின் பின்னால் உள்ள கறுப்புப் பட்டையைப் படித்துக்கொள்ளும். எண் பலகைக்கு மேலே ஒளித்து வைத்த சின்ன கேமரா பின் நம்பரைப் பார்க்கும். பிறகு வெற்று அட்டை ஒன்றில் அந்த விவரத்தை ஏற்றினால் நம் கார்டுக்கு இரட்டை தயார். சிப் இல்லாத பழைய கார்டுகளை 2018 டிசம்பருக்குள் மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. சிப்பை அப்படி நகலெடுக்க முடியாது. ஆனாலும் பெரும்பாலான சிப் கார்டுகளின் முதுகில் அந்தப் பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பட்டையை ஏற்றுக்கொள்ளும் இயந்திரம் உலகத்தில் எங்கே இருந்தாலும் ஆபத்து மிச்சம் இருக்கிறது.

சுவிட்ச் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. மூடி வைத்த கார்டை வேண்டுமென்றே கீழவீதி ஏடிஎம்மில் செருகிப் பார்த்தேன். பின் நம்பர் சரியாகப் போட்டும் பணம் வரவில்லை. மறுத்துவிட்டோம் என்று உடனே எஸ்எம்எஸ் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த எஸ்எம்எஸ்தான். நாம் வீட்டில் இருக்கும்போது அப்படி ஒன்று வந்தால், யாரோ நம் கார்டின் நகலை வைத்திருக்கிறார் என்று பணம் போகும் முன்பே தெரிந்துவிடும்.

குறைக்கு வருகிறேன். திறந்த சுவிட்ச் தானாக மூடுவதில்லை. பணம் எடுத்து, எண்ணிப் பார்த்து, வெளியே வந்து பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறுபடியும் ஆப்பைத் திறந்து மூட யாருக்கு நினைவிருக்கும்? பி.முட்லூர் தாண்டும்போதுதான் ஞாபகம் வரும். அப்போது ஆப் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும், ஓடிபி அனுப்பும், மூன்று பக்கம் தாண்டி உள்ளே போகச் சொல்லும். பத்து நிமிடம் திறந்திரு, பிறகு மூடிக்கொள் என்று ஒரு பொத்தான் வைப்பது என் வங்கிக்குப் பெரிய காரியமா? கடன் விளம்பரம் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. பணத்தைக் காக்கிற பொத்தானை அடுக்களைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு இந்த வங்கிதான். அந்த உரிமையில்தான் கோபம்.

இன்னொன்று. தற்காலிகமாக நிறுத்தும் பொத்தானும் நிரந்தரமாக முடக்கும் பொத்தானும் ஒரே பக்கத்தில், ஒரே நிறத்தில், ஆங்கிலத்தில். இரண்டாவதை அழுத்தினால் கார்டு செத்தது. புதிய கார்டு தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பென்ஷன் எடுக்க வருகிற பெரியவர்களை நினைத்தாவது இதைத் தமிழில், தனித்தனி நிறத்தில் வைத்திருக்கலாம்.

சிக்னலைத் தடுக்கும் உறை என்று சிலர் கார்டு கவர் வாங்குகிறார்கள். பின் இல்லாமல் தட்டிச் செலுத்துவதை அது தடுக்கலாம். அந்த வகையில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்தான் உச்சவரம்பு, சில சென்டிமீட்டர் நெருக்கமும் வேண்டும். ஏடிஎம் வாயில் கார்டைச் செருக உறையைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? அந்தச் செலவு அவசியமில்லை. தட்டிச் செலுத்தும் வசதியை ஆப்பிலேயே மூடிவிடலாம்.

குறைகளோடும் இந்த சுவிட்சை நான் விடப்போவதில்லை. வெளிநாட்டுப் பயன்பாட்டை இன்றே மூடுங்கள், ஏடிஎம் வரம்பை உங்கள் தேவைக்குக் குறையுங்கள், பின் போடும்போது இன்னொரு கையால் மறையுங்கள். மீறியும் பணம் போனால் உடனே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல்லுங்கள். தவறு உங்களுடையதாகவோ வங்கியினுடையதாகவோ இல்லாமல் வெளியாள் திருடியிருந்து, வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் புகார் செய்தால், இழப்பு உங்கள் தலையில் விழக்கூடாது என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி.