கில்டால் எழுதியதும் நாம் படித்ததும்

கேரி கில்டாலின் நினைவுக்குறிப்பை இரண்டாம் முறையும் படிச்சேன். 1993இல் எழுதினார், அடுத்த ஆண்டே இறந்துட்டார். 2016இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது முதல் பகுதியை மட்டும். அவர் மதுவோடு போராடியவர். பின் அத்தியாயங்கள் அவருடைய உண்மையான இயல்பைக் காட்டலன்னு பிள்ளைகள் தரவில்லை.

அவங்க வலி புரியுது. ஆனால் அந்த வெற்றிடத்தில் பழைய வதந்திதான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கு: 1980இல் ஐபிஎம் ஆட்கள் வீடு தேடி வந்தப்ப மனுஷன் ஜாலியாக விமானம் ஓட்டப் போயிட்டாராம், பில் கேட்ஸுக்கு யோகம் அடிச்சுதாம். பறந்தது நிஜம், ஆனால் அது தொழில் நிமித்தமான பயணம். விலையை யாரும் பேசறதில்ல. ஐபிஎம் பிசிக்கு டாஸ் 40 டாலர், கில்டாலின் சிபி/எம்-86 240 டாலர். எவன் வாங்குவான்?

வெளிவந்த பகுதியில் தெரிவது மான்டரே கடற்படைப் பள்ளியில் பாடம் நடத்திய ஒரு வாத்தியார். வன்பொருளைத் தொடும் நிரல்களை மட்டும் தனியே பிரித்து ‘பயாஸ்’ என்று வைத்தார். புது இயந்திரம் வந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். என்னைக் கேட்டால் சிபி/எம்மின் உயிரே இதுதான். டிரைவுக்கு ஏ, பி என்று எழுத்து, எட்டெழுத்துப் பெயர், புள்ளி, மூன்றெழுத்து: டிம் பேட்டர்சன் எழுதி மைக்ரோசாஃப்ட் வாங்கிய டாஸுக்குள் இதெல்லாம் அப்படியே குடியேறிச்சு. ஃப்ளாப்பி ஒழிந்த பின்னும் விண்டோஸ் ‘சி’யில்தான் தொடங்குது.

மீதி அத்தியாயங்கள் என்றைக்காவது வந்தால் மூன்றாம் முறையும் முதலிலிருந்தே படிப்பேன்.