‘கூடுதல்’ என்னும் அடைமொழி

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 1979 முதல் நடைபெற்றுவரும் உணவுத் திட்டத்தின் மலாய்ப் பெயர் ‘ரஞ்சாங்கான் மக்கானான் தம்பாஹான்’. தமிழில் அதனைக் கூடுதல் உணவுத் திட்டம் எனலாம். பிள்ளை வீட்டில் ஏற்கெனவே உண்டு வந்துள்ளது என்னும் எண்ணம் அவ்வடைமொழியுள் மறைந்துள்ளது.

தெப்ராவில் அவ்வெண்ணம் எப்போதும் பொருந்துவதில்லை. இரப்பர்த் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட இவ்வட்டாரத்தில், பொழுது புலருமுன் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர். அவர்தம் ஊதியம் வறுமைக் கோட்டைத் தாண்டியிருக்கலாம். காலையில் அடுப்பு எரிந்ததா என்பது வேறு வினா. வருமானத்தை அளந்து மாணவரைத் தெரிவு செய்யும் முறைக்கு இப்பசி புலப்படாது.

மணிமேகலையைக் கற்பிக்கும் நாம் இதனை எளிதில் உணரலாம். அமுதசுரபியால் பசி தீர்ந்த காயசண்டிகை வறியவள் அல்லள். விஞ்சையன் ஒருவனின் மனைவி. சாபத்தால் யானைத்தீ நோயுற்று வருந்தியவள். பாத்திரம் அவள் குலத்தையோ செல்வத்தையோ வினவவில்லை. காப்பியத்தின் அறத்தை வகுப்பில் வியந்துவிட்டு, சிற்றுண்டிச்சாலையில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கிறோம்!

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023இல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. அங்கு வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. மலேசியாவிலோ, தொடக்கப்பள்ளி மாணவர் அனைவர்க்கும் என 2019இல் அறிவிக்கப்பட்ட இலவசக் காலையுணவு, 2020 சனவரியில் வறிய மாணவர்க்கென்று சுருங்கியது. செலவு பெரிது என்னும் மறுப்பைப் புறந்தள்ள இயலாதுதான். எனினும் தெப்ராவ் போன்ற ஊர்களிலேனும், பெற்றோரின் ஊதியத்தோடு அவர்கள் வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்தையும் கேட்டறிந்து தெரிவு செய்தல் வேண்டும்.