பூர்வீகம் யாருக்கு?

இயக்கத்துக்கு வந்த புதிதில் எங்கள் கையில் திணிக்கப்பட்ட புத்தகங்களில் ‘ஏழு தலைமுறைக’ளும் ஒன்று. அமெரிக்கக் கறுப்பரான அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ நூலின் தமிழ் வடிவம். அடிமையாகப் பிடித்துச் செல்லப்பட்ட குண்டா கிண்டேயின் வம்சத்தில் வந்த ஹேலி, காம்பியாவில் ஜுஃபூரே என்ற கிராமத்தைத் தேடிப் போகிறார். அங்கே கதைசொல்லிக் கிழவர் தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை அடுக்கிக்கொண்டே வருகிறார். குண்டாவின் பெயரும் வருகிறது. ஊர்ப் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை ஹேலியின் கையில் கொடுத்துக் கொடுத்து வாங்குகிறார்கள். பிறகு அவர் வீடு திரும்புகிறார். அந்தக் கிழவர் சொன்னது எவ்வளவு நம்பத்தக்கது என்று ஆய்வாளர்கள் பின்னாளில் கேள்வி எழுப்பினார்கள். அது வேற விசயம். அந்த இடத்தைப் படித்து அழுதவன் நான்.

இப்ப அழ முடியல. காரணம் ஒரு சித்தப்பா.

எங்கள் பூட்டனின் தம்பி கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனவர். அவருடைய பேரன் அட்டன் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருசத்துக்கு முன்னால் பூர்வீகத்தைப் பார்க்கணும் என்று மதுரைக்கு வந்தார். மேலூர்ப் பக்கம் எங்கள் சேரிக்குக் கூட்டிப்போனேன். பாட்டன் வீடு எது என்று கேட்டார். அம்மா ஒரு கருவேலம் புதரைக் காட்டினாள். பட்டாவா, பத்திரமா, காட்டுவதற்கு வேறென்ன இருக்கு?

ஊருக்குள்ளும் போய்ப் பார்க்கணும் என்றார். மந்தையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பாட்டன் பேரை விசாரித்தார். சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அட, எங்க பண்ணையில கெடந்த பய. நெல்லுக் கடன வச்சிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டான்னு எங்கய்யா சொல்லுவாரு. அவன் பேரனாடா நீயி?” என்றார்.

எங்கள் ஜுஃபூரேயில் கதைசொல்லி இவர்தான். எங்கள் வம்சாவளி இவர்களிடம்தான் இருக்கிறது, கடன் கணக்காக.

‘ரூட்ஸ்’ தருகிற மாதிரியை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்வதில் உள்ள கோளாறு இதுதான். ஹேலியின் பயணம் அடிமைத்தனத்துக்கு முந்தைய ஒரு காலத்தை நோக்கிப் போகிறது. அவருடைய மூதாதை அந்த ஊரில் சுதந்திர மனிதன். நம்முடைய பயணமோ அடிமைத்தனம் தொடங்கிய இடத்துக்கே போய் நிற்கிறது. 1843இல் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்றானது. பண்ணையாள் முறை கடன் என்ற பேரில் நீடித்தது. அந்தக் கடனை விட்டு ஓடினவன் கங்காணியின் முன்பணக் கடனில் விழுந்தான். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த காட்டுவழியில் காலராவுக்குச் செத்தவர்கள் போக மிச்சம் பேர்தான் தோட்டம் சேர்ந்தார்கள். ‘துண்டு’ என்ற சீட்டில் கடன் எழுதப்பட்டது. அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்கு மாறலாம். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. கங்காணிகள் பெரும்பாலும் மேல்சாதி. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். லயத்திலும் சாதி பார்த்துத்தான் குடிவைத்தார்கள். அதனால் மலையகத்தை விடுதலை பூமி என்று நான் சொல்ல வரல.

1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு என்றார்கள். இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு அரசு வைத்த பேர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களில் நிறையப் பேர் இந்த மண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காத இடத்துக்குத் திரும்புவது எப்படி? அரசாங்கத் தமிழின் இந்தச் சொல்லை நம் எழுத்தாளர்களும் கேள்வியில்லாமல் எடுத்து எழுதுகிறார்கள். பிரிவுத் துயரம், தொப்புள்கொடி, மண்வாசனை என்று உருகுகிறார்கள். ஊர் என்பது ஊரும் சேரியுமாக இரண்டாகக் கிடக்கும்போது, வருகிறவன் எதில் இறங்குவான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வேர் தேடும் இலக்கியம் நிலம் உள்ளவனின் இலக்கியம். அந்த மண்வாசனையில் 1997இல் மேலவளவில் சிந்திய முருகேசன் ரத்தத்தின் வாசனை வருமா?

அன்றைக்கு மந்தையில் நான் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாதான் பேசினார்: “ஓமுங்க, அவர் பேரன்தான். முப்பது வருசம் வாத்தியாரா இருந்தேன்.” அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது, “பாட்டன் ஓடிப்போனார்ங்கிறத எங்க வீட்டுல யாரும் சொன்னதில்லடா. நல்லவேளை ஓடினார்” என்றார்.

நம் இலக்கியம் எழுத வேண்டிய வம்சாவளி இது. விட்டுவந்த மண்ணுக்கு ஒப்பாரி போதும். எந்த ராத்திரி, எந்தக் கடனுக்கு, எந்த வழியாக ஓடினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் கப்பலேறி வந்த கிழவிகள் இன்னும் மிச்சமிருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போங்க. மந்தைப் பெரியவரின் வாயால் நம் கதையைக் கேட்டது போதும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் சித்தப்பா போன் பண்ணினார். “வீட்டுக்கு வந்துட்டேன்டா” என்றார்.