செப்புத் தகட்டில் ஜகன்மாதா

காஞ்சி காமாக்ஷியின் சந்நிதியில், பத்மாசனமிட்டு அமர்ந்திருக்கும் அம்பிகைக்கு முன்பாகவே ஸ்ரீசக்கரமும் பிரதிஷ்டை செய்யப்பட்டிருக்கிறது. திருமுகமும் கரும்புவில்லும் கொண்ட அன்னையையும், கோடும் கோணமும் புள்ளியும் மாத்திரமே ஆன அன்னையையும் ஒருங்கே வணங்கி வந்திருக்கிற நம் ஜனங்களுக்கு அரூபக் கலை அந்நியமானது என்று சொல்வது எனக்கு ஒருநாளும் பொருத்தமாகப் பட்டதில்லை.

ஆயினும் நம் தேசத்தில் அச்சுக்கலை அன்னைக்கு முதலில் தந்தது முகத்தைத்தான். கல்கத்தாவின் பட்டலா வட்டாரத்து மரச்செதுக்குப் படங்களும், 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் வர்ணப் படங்களும், பின்னால் வந்த சிவகாசிக் காலண்டர்களும், கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்தவர்களின் குடிசைக்கும் லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. அது சிறிய உபகாரமல்ல. ஆனால், அகிலத்தை ஈன்று மறுபடியும் தன்னுள் ஒடுக்கிக்கொள்ளும் தாய்மை, பட்டுடுத்திய ஓர் அழகிய ஸ்திரீயின் சித்திரத்துக்குள் எப்படி அடங்கும்?

1960-களிலிருந்து, இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த காஷ்மீரத்து ஜி. ஆர். சந்தோஷ், கே. வி. ஹரிதாசன் முதலிய ஓவியர்கள் தாந்திரிக வடிவங்களை நாடினார்கள். சிவனைக் குறிக்கும் 4 முக்கோணங்களும் சக்தியைக் குறிக்கும் 5 முக்கோணங்களும் ஊடுருவி 43 சிறு முக்கோணங்களாக விரியும் ஸ்ரீசக்கர அமைப்பின் கம்பீரம் எவரையும் ஈர்க்கும். எனினும், அதைப் பார்த்து எழுதிவிடுவதனாலேயே அன்னை வந்துவிடுவதில்லை. பின்வந்தோர் பலரிடம் அது வெறும் அலங்காரமாகவே தேய்ந்துபோயிற்று.

அச்சோவியத்திலோ அவள் செய்முறையிலேயே உறைகிறாள். அச்சுத் தகட்டுக்கு ஐரோப்பியர் வழங்கும் ‘மேட்ரிக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கருப்பை என்று பொருள். நம் மொழியிலோ தேவியின் சக்கரமும் யந்திரம், காகிதத்தை அழுத்தும் பொறியும் யந்திரம். பூஜைக்குரிய யந்திரத்தைச் செப்புத் தகட்டில் உளியால் கீறுகிறவனும், அச்சுக்கென்று தகட்டைக் கீறுகிறவனும் ஒரே தொழிலைத்தான் செய்கிறார்கள்.

இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அச்சோவியர் கிருஷ்ண ரெட்டியின் நினைவு வரும். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1925-ல் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, 1940-களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ஓவியப் பிரிவை நடத்தியவர், பாரிஸில் அச்சோவியர் ஹேட்டரின் பட்டறையில் சக கலைஞர்களோடு ஒரு புதிய முறையை உருவாக்கினார். திராவகத்தாலும் உளியாலும் தகட்டைப் பல ஆழங்களில் குடைந்து, ஆளிவிதை எண்ணெய் கூடியும் குறைந்தும் கலந்த மைகளைக் கெட்டியான உருளையாலும் மெத்தென்ற உருளையாலும் மாறிமாறிப் பூசினால், எண்ணெய் மிகுந்த மை தன்மேல் வரும் கெட்டி மையை விலக்கிவிட, ஒவ்வொரு வர்ணமும் தன் ஆழத்தைத் தானே தேடிச் சென்று தங்குகிறது. பிறகு ஒரே தகடு, ஒரே அழுத்தத்தில், அத்தனை வர்ணங்களையும் ஒருசேரப் பெற்றெடுக்கிறது.

1963-ல் அவர் செய்த ‘நீர்ச்சுழி’ என்ற அச்சோவியத்தின் பெயரில் தேவி இல்லை; திரிகோணமும் பிந்துவும் இல்லை. நடுவிலிருந்து புறப்பட்ட கோடுகள் சுழன்று விரிந்து, விரிந்தபடியே மீண்டும் நடுவை நோக்கி இழுக்கப்படுகின்றன. அதன் முன் நிற்கையில் ஈன்றவளையும் ஒடுக்குகிறவளையும் நான் ஒரே கணத்தில் கண்டேன்.