கைமாறும் அழைப்பு

"ஒரு நிமிஷம் சார், அக்கவுண்ட்ஸுக்குக் கொடுக்கிறேன்" என்று சொல்லி அழைப்பைத் தள்ளிவிடுவது ஒரு வகை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் 'டிரான்ஸ்ஃபர்' தட்டி, பெயரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. எடுப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. பேசுபவர் பாவம், கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வசதி: கலந்து பேசிவிட்டு மாற்றுவது. வாடிக்கையாளர் ஹோல்டில் இசை கேட்டுக்கொண்டிருக்க, நாம் சக ஊழியரைக் கூப்பிடுகிறோம். "அக்கா, திருப்பூர்லேர்ந்து ஒருத்தர். போன மாச பில்லுல ஜிஎஸ்டி ரெண்டு தடவை ஏறியிருக்காம். ஏற்கெனவே ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டாராம், கோபமா இருக்கார்." திரையில் எண் தெரியும், பெயர் தெரியும்; அந்தக் கடைசி வரியை ஆள்தான் சொல்லவேண்டும். அக்கா "கொடுப்பா" என்றதும் மாற்றினால், "வணக்கம் சார், ஜிஎஸ்டி விஷயம்தானே?" என்றே பேச்சு தொடங்கும். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

இணையத் தொலைபேசியில் அழைப்பை இப்படிக் கைமாற்ற உதவும் 'ரெஃபர்' கட்டளை 2003இல் தரப்படுத்தப்பட்டது. இன்னாரை அழைத்துக்கொள் என்று ஒரு கருவி இன்னொன்றுக்குச் சொல்வது, அவ்வளவுதான்.

அக்கா எடுக்கவில்லையா? ஹோல்டிலிருப்பவரிடம் திரும்பி, "அவங்களே கூப்பிடுவாங்க சார், இதே நம்பர்தானே?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.