மேற்கோள் கணக்கில் சிக்காத ஆய்வு

ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் எத்தனை கட்டுரை போட்டது, எத்தனை மேற்கோள் வாங்கியது என்ற கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தையே எடுத்துக்குங்க.

1956-இல் தொடங்கிய இடம். காசநோயாளி சானடோரியத்தில் படுத்து மருந்து சாப்பிட்டாலும், வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் குணமாவது ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959-இல் காட்டினார்கள். கூட இருக்கும் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றுமோ? 5 வருஷம் அவர்களைப் பின்தொடர்ந்து, அப்படியில்லை என்றார்கள்.

ஆனால் இதழ்களின் தாக்கக் காரணி பார்ப்பது முந்தைய 2 வருஷக் கட்டுரைகளைத்தான். அதை வைத்து நிறுவனத்தை எடைபோட்டால் இந்தப் பொறுமை எங்கே தெரியும்? இன்னொன்று, ஒரு முடிவு நடைமுறையாகிவிட்டால் அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. இன்று வீட்டுக்கே மாத்திரை கொடுத்தனுப்பும் மருத்துவர் அந்த 1959 கட்டுரையைச் சொல்லிக்கொண்டா கொடுக்கிறார்?

மேற்கோளை எண்ணவே வேண்டாம்னு சொல்லலை. நிதியும் பதவி உயர்வும் அதை மட்டுமே நம்பித் தந்தால், 5 வருஷம் காத்திருக்கும் ஆய்வை யார் தொடங்குவாங்க என்பதுதான் என் கேள்வி.